படம் உடைகிறது

“ஆத்தா, எம் பேருல இருந்த புள்ளியெல்லாம் எங்க போச்சு?”

கைப்பேசியை என் மேசைமேல் வைத்துவிட்டு ஆச்சி கேட்டார். 2016 மார்கழி. செல்லாத நோட்டு அறிவிப்பு வந்து ஒரு மாதம் கடந்திருந்தது. அதற்காகத் தை முகூர்த்தங்கள் நிற்குமா? காரைக்குடியில் நான் வேலை பார்த்த அச்சுக்கடையில் கல்யாணப் பத்திரிகை வேலை நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. ஆச்சி கோட்டையூர்ப் பக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார். மருமகளின் போனில், முந்தின நாள் இரவு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்திரிகைப் படம் திறந்திருந்தது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வள்ளியம்மை, மெய்யம்மை மாதிரி நடுவில் புள்ளி வைத்த எழுத்துகள் வரும் பெயர். திரையைப் பார்த்தேன். எழுத்துகள் இருந்தன. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அழுக்குப் படிந்த மாதிரி இருந்தது. வள்ளியம்மை என்றே வைத்துக்கொண்டால், வளளியமமை.

“பிரிண்ட்ல சரியா வந்துரும் ஆச்சி. போன்ல அப்படித்தான் தெரியும்.” எல்லோருக்கும் சொல்கிற பதிலை அவருக்கும் சொன்னேன்.

“அட்டை ஐநூறு பேருக்குப் போகும். இது நேத்து ராத்திரியே மலேசியா வரைக்கும் போயிருச்சே ஆத்தா.”

அந்தப் பெயர் பத்திரிகையில் ஏறியதே பெரிய கதை. முதலில் வந்த கையெழுத்துப் பிரதியில் அவர் பெயர் இல்லை. இன்ஷியல்கள் வரிசையாக நிற்க, ஆண்கள் பெயர்கள் மட்டும்தான். பெண்ணின் அப்பத்தா நான், பேத்தியை நான் வளர்த்தேன், அழைக்கிறவர்களில் என் பெயரும் வரட்டும் என்று அவர் மகனிடம் சொல்லியிருக்கிறார். மூன்றாவது திருத்தத்தில்தான் அந்த ஒரு வரி சேர்ந்தது. அந்த வரியை டைப் அடித்தது நான். அதனால் எனக்குத் தெரியும்.

“கோயில் கணக்குல நான் இப்ப அரைப்புள்ளி. பேருல இருந்த முழுப்புள்ளியையும் நீ எடுத்துட்டியாக்கும்” என்று சிரித்தார். நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு கோயிலும் தன் பங்காளிகளைப் புள்ளி வைத்துத்தான் எண்ணும். கல்யாணம் ஆன தம்பதி ஒரு புள்ளி. துணை போய்விட்டால் அரை. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பு எப்படி நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பத்திரிகை கோரல்டிராவில் இருந்தது. ராத்திரி ஒன்பதரை மணி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் செலக்ட் பண்ணி, கன்ட்ரோல் சி அடித்து, பெயின்ட்டில் ஒட்டி, ஜேபெக்காகச் சேமித்து அனுப்பிவிட்டேன். அரை நிமிட வேலை.

அச்சுக்கடைகளில் இதை ‘படம் உடையுது’ என்போம். பிசிறடிக்கிறது, பிக்சல் தெரிகிறது, எல்லாம் ஒன்றுதான். கோரல்டிராவோ இன்க்ஸ்கேப்போ படத்தைப் புள்ளிகளாக வைத்திருப்பதில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, இவ்வளவு வளைவோடு, இந்தத் தடிமனில் ஒரு கோடு என்று கணக்காக வைத்திருக்கும். அதனால்தான் அதற்குள் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கிறது. ஆனால் போன் திரைக்குக் கணக்கு புரியாது. கட்டம் கட்டமாக நிறம் சொன்னால்தான் அது காட்டும். எந்தக் கோடும் எங்கோ ஓரிடத்தில் கட்டங்களாக மாறித்தான் ஆக வேண்டும். எத்தனை கட்டங்கள் என்று யாராவது சொல்லவும் வேண்டும். காப்பி அடித்து ஒட்டும்போது நாம் அதைச் சொல்வதில்லை. திரைக்குப் போதும் என்று மென்பொருள் நினைப்பதை எடுத்துக்கொள்கிறது.

அன்றைய அட்டை 7 அங்குலத்துக்கு 5 அங்குலம். திரைக் கணக்கான அங்குலத்துக்கு 96 புள்ளி என்று வைத்தால் மொத்தப் படமே 672-க்கு 480 கட்டம். ஆச்சியின் பெயர் 10 பாயின்ட் எழுத்தில் இருந்தது. 72 பாயின்ட் ஓர் அங்குலம் என்பதால், அந்த எழுத்தின் மொத்த உயரத்துக்குக் கிடைத்தது 13 கட்டம்தான். அதற்குள் ள-வின் சுழியும் அடங்க வேண்டும், மேலே புள்ளியும் உட்கார வேண்டும், நடுவே இடைவெளியும் வேண்டும். புள்ளிக்கு ஒரு கட்டம், மிஞ்சினால் ஒன்றரை. ஒன்றரைக் கட்டத்தை எப்படிக் காட்டுவது? ஒன்றைக் கறுப்பாக்கி, பக்கத்தில் இருப்பதைச் சாம்பல் ஆக்கும். அந்தச் சாம்பலை ஜேபெக் இன்னும் கொஞ்சம் கலைக்கும், வாட்ஸ்அப் மறுபடி சுருக்கும். போயே போய்விட்டது.

அதே அட்டையை எக்ஸ்போர்ட் வழியாக 300 டிபிஐ கொடுத்து எடுத்திருந்தால் 2100-க்கு 1500 கட்டம். அதே 10 பாயின்ட் எழுத்துக்கு 41 கட்டம் கிடைத்திருக்கும். புள்ளி வட்டமாக நின்றிருக்கும். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இங்கிலீஷ் எழுத்து இந்தச் சின்ன அளவிலும் ஓரளவு தப்பித்துவிடும். தமிழ் தப்பிக்காது. ‘ண’-வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ன’ ஆகிவிடும். ‘ணை’, ‘றை’ எல்லாம் கறுப்புப் பொட்டலம். இங்கிலீஷ் வரிக்கும் தமிழ் வரிக்கும் ஒரே பாயின்ட் அளவு வைத்து டிசைன் செய்து தரச் சொல்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முன்கூட்டியே சண்டை போட்டுவிடுகிறேன்.

கட்டங்களுக்குள் துல்லியமாக வரைவது முடியாத காரியம் இல்லை. ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினி 1984-இல் வந்தபோது அதன் குட்டிப் படங்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண். குப்பைத்தொட்டி, சிரிக்கிற கணினி எல்லாம் அவர் கைதான். 32-க்கு 32, ஆக 1,024 கட்டம். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பலாமா விடலாமா என்று தானே முடிவெடுத்து வரைந்தார். மொசைக் பதிப்பதும் துணியில் எண்ணித் தைப்பதும் போலத்தான் இது என்று அவர் சொல்லியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கொட்டான்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பனையோலையில் முடைகிற செட்டிநாட்டுக் கொட்டானில் ஒரு பூ வேண்டுமென்றால், எத்தனை ஓலை தாண்டி எத்தனையாவது ஓலைக்கு அடியில் சாய ஓலை போக வேண்டும் என்று விரல் எண்ணும். பாதி ஓலை கிடையாது. சாம்பல் கிடையாது. அதனால்தான் கொட்டானில் பூ உடைவதில்லை.

கணினியில் உடைவது பாதி ஓலைக்கு ஆசைப்படுவதால்தான். ஒரு கட்ட அகலமுள்ள கோடு இரண்டு கட்டங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தால், இரண்டு கட்டமும் ஆளுக்குப் பாதிச் சாம்பலாகும். நமக்கு மங்கலாகத் தெரியும். சின்ன லோகோ, பட்டன், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரியான வேலைகளில் கோட்டை நகர்த்திக் கட்டத்தின்மேல் சரியாக உட்கார வைக்க வேண்டும். இன்க்ஸ்கேப்பில் பக்கத்தின் அளவைக் கட்டக் கணக்கில் வைத்து, கிரிட்டைப் போட்டு, ஸ்னாப்பை இயக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கோட்டின் தடிமன் பாதையின் இருபுறமும் சமமாகப் பரவும். அதனால் ஒற்றைப்படைத் தடிமனுள்ள கோட்டை மட்டும் அரைக் கட்டம் தள்ளி வைக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று மாத டி.டி.பி. கோர்ஸில் இதெல்லாம் கிடையாது. ஒரு டாக்டர் அம்மாவின் ரப்பர் ஸ்டாம்பை நாலு தடவை கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கண்டாங்கி இன்னொரு பாடம். 2019-இல் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சமயத்தில் லேபிள், பை, விசிட்டிங் கார்டு என்று ஆர்டர் வந்தது. சேலையின் கட்டங்களைப் பின்னணியாக வைத்து வரைந்தேன். அட்டையில் அழகாக இருந்தது. போனுக்காகச் சின்னதாக எடுத்தால், சேலையில் இல்லாத அலை அலையான பட்டைகள் திரையில் ஓடின. துணியின் கட்டமும் திரையின் கட்டமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால் இப்படி ஒரு பொய்க்கோலம் உண்டாகும். சின்னப் படத்துக்குக் கட்டங்களைக் குறைத்துப் பெரிதாக வேறு வரைந்தேன். அது ஏமாற்று வேலையா? சேலை போலத் தெரிய வேண்டுமென்றால் சேலையை அப்படியே காட்டக்கூடாது. அவ்வளவுதான்.

ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பத்திரிகையில் அவர் பெயர் மட்டுமில்லை, அவர் கையும் இருந்தது.

மூன்று வாரம் முன்னால், ஓரத்தில் நடுவீட்டுக் கோலம் வர வேண்டும் என்று அந்த வீட்டில் கேட்டார்கள். அரிசிமாவைக் கரைத்து, துணியை நனைத்து, விரல் வழியே இழைகளாக இழுக்கிற கோலம். நகரத்தார் வீட்டு விசேஷங்களில் நடுவீட்டில் இடுவார்கள். கடையில் இருந்த ரெடிமேட் படங்கள் எதுவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அப்பத்தா போடுவதுதான் வேண்டும் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். போட்டோ எடுத்து வரச் சொல்லி என்னையே அனுப்பினார் கடைக்காரர்.

பகல் பதினொரு மணி. முகப்பு, வளவு எல்லாம் தாண்டி, பின்னால் இரண்டாம் கட்டுக்குக் கூட்டிப்போனார் ஆச்சி. “அங்கெல்லாம் நான் போடக்கூடாது. இங்கன போடுறேன், எடுத்துக்க” என்றார். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் நடுவீட்டுக் கோலத்தை மருமகள்தான் இடுகிறார். மாவு கரைத்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவந்தார். கருங்கல் தளத்தில் தண்ணீரால் இழுத்தார். வெயில் ஒருபக்கம் வந்துவிட்டதால் கடைசி மூலையைப் போடும்போது முதல் மூலை காய்ந்துகொண்டிருந்தது. “சீக்கிரம் எடு ஆத்தா, போகுது.” மூன்று தடவை போட்டார். மூன்றாவது முறை நான் ஸ்டூல்மேல் ஏறி நின்று எடுத்தேன். அதிலும் ஒரு மூலை மங்கிவிட்டது.

யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். மாமியாரிடம். அவர் சொல்லித்தரவில்லை, பார்த்துக்கொண்டதுதான். எழுதி வைத்திருக்கிறீர்களா என்றேன். “அடுப்படிக் கணக்கைத்தான் எழுதி வப்பாக. இதை யாரு எழுதுவா?”

கடைக்கு வந்து போட்டோவைக் கோரல்டிராவில் வைத்து, மேலே கோடு இழுத்தேன். இந்த வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. பழகாத கை ஒரு சுழிக்கு இருபது முனை வைக்கும், கோடு நெளியும். நாலு முனை போதும், வளைவு எங்கே திரும்புகிறது என்று பார்க்கத் தெரிந்தால். ஒரு மூலையை மட்டும் சுத்தமாக வரைந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி மற்ற மூலைகளுக்கு வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் கோலம் முடிந்தது. இனி அதை அட்டைக்கும் போடலாம், வாசல் பேனருக்கும் போடலாம், உடையாது.

கோலம் முதலிலேயே இந்த மாதிரிப் பொருள்தான் என்று எனக்குப் பிறகு தோன்றியது. அம்மா நோட்டில் ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்றுதான் எழுதி வைத்திருப்பாள். எவ்வளவு பெரிதாக என்று இருக்காது. மார்கழியில் தெருவை அடைத்துப் போட்டாலும் சமையலறை மேடையில் உள்ளங்கை அளவு போட்டாலும் அதே பதினைந்துதான். அதே குறிப்புதான். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆய்வாளர்கள் மூன்று பேர் 1974-இல் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலுக்குக் கொண்டுபோனார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். கோலத்தைக் கட்டங்களில் அடுக்கிய குறிகளாக எழுதி, சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் எப்படி விதிப்படி வளர்கிறது என்று காட்டினார்கள். மூவரில் இருவர் பெண்கள். டி.டி.பி. வகுப்பில் கணினி வரைகலை என்றால் கோரலும் ஃபோட்டோஷாப்பும் எங்கோ வெளிநாட்டில் யாரோ செய்தது என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். வாசலில் போடுகிறோமே, அதுவும் அந்தப் பாடத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மூன்று மாதமும் நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

புள்ளி போன மறுநாளே ஆச்சிக்குச் சரியான படம் எடுத்து அனுப்பினேன். பெரிய அளவில், அதுவும் போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக. அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் அதைக் கசக்காது. கடைக்காரர் அண்ணன் பார்த்துவிட்டார்.

“என்னம்மா, ஒரிஜினல் கிளாரிட்டில அனுப்பிட்டே? நாளைக்கு வேற கடையில குடுத்து அடிச்சுக்கிட்டா?”

அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரூஃப் வாங்கிக்கொண்டு போய்ப் பத்து ரூபாய் குறைவாகச் சொல்கிற இடத்தில் அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதனால் வாடிக்கையாளருக்கு எப்போதும் சின்னதாக, மங்கலாக, குறுக்கே கடை பெயர் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது கடை வழக்கம். ஆக, என் கன்ட்ரோல் சி சோம்பேறித்தனம் மட்டுமல்ல. உடைந்த படம் அனுப்புவதுதான் எனக்குப் பழக்கப்பட்ட வேலை. நல்ல பிரதி எடுக்கத் தெரிந்த நான், கெட்ட பிரதி எடுக்கத்தான் அதிகமாகச் சம்பளம் வாங்கினேன். அந்தச் சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அந்தக் கடையில் பதினோரு வருடம் இருந்தேன். உள்ளறையில் சுவரைப் பார்த்து மூன்று கம்ப்யூட்டர், மூன்றிலும் பெண்கள். முன்னால் மேசையில் பில் போடுவது அண்ணன். “அண்ணே, போன தடவை பண்ணுன டிசைன் பிரமாதம்ணே” என்று வருகிறவர்கள் சொல்வது தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்கும். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். எங்களை ‘ஆபரேட்டர்’ என்பார்கள். சென்னையில் இதே வேலைக்கு டிசைனர் என்று பெயர்.

2019 கடைசியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் வேலையை விட்டேன். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டேன். நான் வரைந்த பார்டர்கள், கோலங்கள், குத்துவிளக்கு, அன்னம் எல்லாம் சேர்த்து முந்நூறுக்கு மேல் இருக்கும். அவற்றின் சிடிஆர் ஃபைல்களை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளவா என்று.

“கடை ஃபைல் கடைக்குத்தாம்மா” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று யாரோ கேட்ட மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து என் போனைத் துழாவினேன். பதினோரு வருட வேலையில் என்னிடம் மிஞ்சியிருந்தது வாடிக்கையாளர்களுக்கு நான் அனுப்பிய பிரூஃப்கள் மட்டும். எல்லாம் சின்னவை, எல்லாம் மங்கலானவை, எல்லாவற்றின் குறுக்கேயும் கடை பெயர். என் கையாலேயே உடைத்தவை.

அழுதேன் என்று எழுதினால் பொய். எரிச்சல்தான் வந்தது, அதில் பாதி என்மேல். ஒவ்வொரு மாதமும் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். மற்ற இருவரில் ஒருத்தி அப்படித்தான் ரகசியமாக எடுத்து வைத்திருந்தாள், எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் திருட்டு என்று பயந்திருப்பேன். நான் வரைந்ததை நானே எடுப்பது திருட்டா என்ற கேள்வி அப்போது எனக்கு வந்திருக்காது.

பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். கோரலுக்குப் பணம் இல்லை, இன்க்ஸ்கேப் இலவசம். உடைந்த படத்தைக் கொடுத்தால் அதுவே கோடாக்கித் தரும் டிரேஸ் வசதி அதில் உண்டு. கொடுத்துப் பார்த்தேன். அது ஒவ்வொரு பிசிறையும் நம்பியது. நான் நாலு முனையில் வரைந்த சுழிக்கு எண்பது முனை வைத்து, கடை பெயரின் எழுத்தையும் கோலத்தோடு சேர்த்து வளைத்துக் கொடுத்தது. ஒருமுறை புள்ளியாகிவிட்டதிலிருந்து கோட்டைத் திரும்ப எடுக்க முடியாது. 96 டிபிஐ படத்தை 300 என்று மாற்றிச் சேமித்தாலும் இருப்பதுதான் பெரிதாகும், இல்லாதது வராது. இதை வாடிக்கையாளர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அடியில் மங்கலாக வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாக மறுபடியும் வரைய வேண்டியதுதான். வருடத்துக்கு நாற்பது என்ற கணக்கில் இன்னும் வரைந்துகொண்டிருக்கிறேன்.

ஆச்சியின் கோலம் அந்த வரிசையில் வந்தபோது கை நின்றுவிட்டது. ‘என்னுடையது’ என்று எழுதிய ஃபோல்டருக்குள் அதை வைத்திருந்தேன். கடைக்காரர் என் கோடுகளைக் கடையுடையது என்றார். நான் ஆச்சியின் கோடுகளை என்னுடையது என்கிறேன். முனை வைத்தது நான், சரி. ஆனால் அந்தக் கடையில் அந்தக் கோலத்தை அதற்குப் பிறகு எட்டுப் பத்துப் பத்திரிகைகளுக்குப் போட்டிருப்போம். ஆச்சிக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் அதைத் தன் மாமியாருடையது என்பார். எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. ஆனால் நடுவில் ஒரு கடையின் ஹார்ட்டிஸ்க்கில் நிற்கக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

போன் செய்தேன். மருமகள் எடுத்து, ஆச்சியிடம் கொடுத்தார். காது மந்தமாகியிருந்தது. யார் என்று புரியவைக்க “புள்ளியைத் தொலைச்சவ ஆச்சி” என்று சொல்ல வேண்டியிருந்தது. உடனே ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது பேத்திக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது, நீயே பண்ணிக்கொடு என்றார்.

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். எழுத்துகளைப் பாதைகளாக மாற்றினேன், அதற்கு முன்னால் மாற்றாத ஒரு நகலைத் தனியாக வைத்தேன். இல்லையென்றால் நாளைக்கு ஒரு பெயரைத் திருத்த முடியாது. மெல்லிய கோடுகளைத் தடிமன் கொடுத்து நிறுத்தினேன். அரை பாயின்ட் கோடு அச்சில் அழகு, 96 டிபிஐயில் ஒரு கட்டம்கூட வராது. கோலத்தைச் சின்னதாக்கும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து குறையும்படி அமைத்தேன். அதை மறந்தால் படம் சுருங்கும், கோடு சுருங்காது, சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அட்டைக்கு ஒன்று, போனுக்குத் தனியாகப் பெரிய எழுத்தில் இன்னொன்று, வாசல் பேனருக்கு மூன்றாவது. பத்தடிக்கு எட்டடி பேனருக்கு 72 டிபிஐ போதும், அதுவே 8,640-க்கு 6,912 கட்டம். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அதற்குமேல் தேவையில்லை. ஆசைப்பட்டு 300 கொடுத்தால் நூறு கோடிக் கட்டத்தைத் தாண்டும், என் லேப்டாப் செத்துவிடும். எழுத்தும் கோலமும் உள்ள படம் என்பதால் எல்லாவற்றையும் பிஎன்ஜியாகவே எடுத்தேன். கூடவே மூல எஸ்விஜி ஃபைலையும் பென்டிரைவில் போட்டு, கோட்டையூருக்கு நேரில் போனேன். இது உங்க வீட்டுக் கோலம் ஆச்சி, எந்தக் கடையிலும் கொடுத்து எந்த அளவிலும் போட்டுக்கலாம் என்று பேத்தியின் கையில் கொடுத்தேன். கூலி பேசி வாங்கிக்கொண்டேன். அதை விடவில்லை.

பேத்தி தன் லேப்டாப்பில் திறந்து காட்டினாள். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் தன் பெயரைத் தேடினார். விரலால் தொட்டு எண்ணினார். பிறகு கோலத்தைப் பெரிதாக்கச் சொன்னார். இன்னும், இன்னும் என்றார். ஒரு மூலை திரை முழுக்க வந்து நின்றது, கோடு கோடாக.

“அடுத்த மூலையைக் காட்டு.”

காட்டினாள்.

“ஏத்தா, இது தப்பால்ல இருக்கு?” என்றார் என்னைப் பார்த்து. “நாலு சுழியும் ஒரே பக்கமாச் சுத்திக்கிட்டுப் போகணும். நீ ரெண்டை எதிரா விட்டிருக்க. போன கல்யாணத்துலயும் இப்படித்தான் அடிச்சியா?”

அப்படித்தான் அடித்தேன். முதல் மூலையைக் கண்ணாடியில் திருப்பிய மாதிரி வைத்தது நான். சுழற்றி வைத்திருக்க வேண்டும். அந்த மங்கலில் யாருக்கும், எனக்கும், தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து இரண்டு மூலைகளை அழித்தேன். சரியான மூலையை நகலெடுத்து, தொண்ணூறு டிகிரி, தொண்ணூறு டிகிரியாகத் திருப்பி வைத்தேன். ஆச்சி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, சுழி எந்தப் பக்கம் போகிறது என்று காற்றில் விரலால் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.